ஏதென்ஸின் குலுக்கல் கல்: கிரேக்கர் விட்டுப்போனதில் நாம் எடுத்துக்கொள்ளாத பாதி

ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பண்டைக் கிரேக்கர் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே சுற்றுதான் சுற்றுகிறோம். ஹோமர், சாக்ரடீஸ், ஒலிம்பிக், பார்த்தினன் தூண்கள், அலெக்சாண்டர். முடிக்கும்போது "உலகுக்கு மக்களாட்சியைத் தந்தவர்கள்" என்று ஒரு மாலை. அந்த மாலையைப் பற்றித்தான் இந்த இழை.

ஏதென்ஸ்காரர் கணக்கில் நம்முடையது மக்களாட்சியே இல்லை. அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார்: பதவியைக் குலுக்கலில் கொடுத்தால் மக்களாட்சி, தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் சிலராட்சி. காரணம் எளிது. தேர்தல் என்று வைத்தால் பணம், குடிப்பெருமை, பேச்சு வன்மை இருக்கிறவன்தான் வருவான். செருப்புத் தைப்பவனும் ஆலிவ் தோட்டத்தில் வேலை செய்பவனும் காலம் முழுக்கக் கைதூக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கி.மு. 508-507 வாக்கில் கிளைஸ்தெனிஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் நாட்டையே கலைத்துப் போட்டு அடுக்கினார். 139 ஊர்கள், 10 குலங்கள். ஒவ்வொரு குலத்திலும் நகரத்து ஊர், கடற்கரை ஊர், உள்நாட்டு ஊர் மூன்றும் கலந்திருக்கும். ஒரு பெரிய வீட்டுக்காரர் தன் பகுதி ஆட்களை மட்டும் சேர்த்துக்கொண்டு ஒரு குலத்தைக் கையில் போட்டுக்கொள்ள முடியாது. குலத்துக்கு 50 பேர் வீதம் ஐந்நூற்றுவர் அவை. 30 வயது தாண்டியிருக்க வேண்டும், வாழ்நாளில் 2 தடவைக்கு மேல் உட்காரக் கூடாது. அந்த 500 பேரும் குலுக்கலில் வந்தவர்கள்.

என்னை மயக்கியது இந்தக் கொள்கையை விட, அதற்காக அவர்கள் செய்துவைத்த சாமான்கள்தான். கிளெரோடேரியன் என்று ஒரு கல். ஆள் உயரத்துக்கு நிற்கும் பலகைக்கல்லில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பிளவுகள். நீதிமன்ற நடுவராக இருக்கத் தகுதி பெற்ற ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டு இருக்கும். பேர், தகப்பன் பேர், ஊர் பொறித்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நிறையச் சீட்டுகள் வெண்கலத்தில் இருந்தன. விடியற்காலையில் வந்து சீட்டைப் போடுவார்கள். பெட்டியிலிருந்து எடுத்து அவற்றைப் பத்தி பத்தியாகப் பிளவுகளில் செருகுவார்கள். கல்லின் பக்கத்தில் ஒரு குழாய். அதன் வாயில் கறுப்பும் வெள்ளையுமாகப் பகடைகளைக் கொட்டி, கீழே ஒவ்வொன்றாக விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்தப் படுக்கை வரிசையில் உள்ள அத்தனை பேரும் இன்றைக்கு நடுவர்கள். கறுப்பு என்றால் வீட்டுக்குப் போகலாம்.

அதோடு விட்டார்களா? இல்லை. தேர்வானவர் ஒரு பாத்திரத்தில் கைவிட்டு எழுத்துப் பொறித்த ஒரு கொட்டையை எடுக்க வேண்டும். எந்த எழுத்தோ அந்த நீதிமன்றம். அந்த மன்றத்து வாசல் நிறத்தில் ஒரு கோலையும் கையில் கொடுத்துவிடுவார்கள், வேறு மன்றத்தில் போய் நுழைந்துவிடாமல் இருக்க. விடியும்போது எந்த வழக்குக்கு யார் நடுவர் என்று அந்த நடுவருக்கே தெரியாது. முந்தின இரவு யார் வீட்டுக்குப் பணப்பையைத் தூக்கிக்கொண்டு போவது?

நாம் ஏதென்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டது பேரை. யாரையும் முழுசாக நம்பாமல் ஊரை நடத்த அவர்கள் செய்த இந்தக் கருவிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். இதுதான் என் வாதம். மறுப்பவர்கள் வாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மறுக்க வந்தேன். நாட்டை நடத்த ஆள் வேண்டும் என்றால் சீட்டுக் குலுக்கலா? எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு யாரும் முன்வராமல் ஒரு முறை சீட்டுப் போட்டோம். வந்தவர் ஆறு மாதம் தண்ணீர் லாரிக்காரருக்குப் பணம் கொடுக்க மறந்துபோனார். இதைப் பெர்சியப் பேரரசோடு மோதிய ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் செயலாளர் தனியாள். ஏதென்ஸில் பெரும்பாலும் பத்துப் பேர் கொண்ட குழுவாகத்தான் பதவி இருக்கும், குலத்துக்கு ஒருவர். ஒருவர் மறந்தால் ஒன்பது பேர் இருக்கிறார்கள். பதவி ஒரே வருஷம்.

பதவியில் உட்காரும் முன் விசாரணை உண்டு. கேட்ட கேள்விகளை அரிஸ்டாட்டில் பேரில் வழங்கும் ஏதென்ஸ் அரசமைப்பு நூல் வரிசையாகச் சொல்கிறது: உன் அப்பா யார், எந்த ஊர்? அம்மா யார்? குடும்பக் கல்லறை எங்கே இருக்கிறது? பெற்றோரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாயா? வரி கட்டுகிறாயா? படையெடுப்புக்குப் போனாயா? திறமை பற்றி ஒரு கேள்விகூட இல்லை, கவனியுங்கள். இவன் ஒழுங்கான ஆளா என்பதுதான் கவலை. பதவி முடிந்ததும் கணக்குத் தணிக்கை. அது முடியாமல் ஊரைவிட்டு வெளியே போகக்கூட முடியாது.

போருக்கு மட்டும் குலுக்கல் கிடையாது. பத்துத் தளபதிகளையும் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப வரலாம். ஏதென்ஸின் பேர்பெற்ற தலைவர் பெரிக்ளீஸ் தொடர்ந்து 15 வருஷம் இருந்தது அந்தப் பதவியில்தான். எங்கே திறமை வேண்டும், எங்கே சராசரி நேர்மை போதும் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஐந்நூற்றுவர் அவையில் ஒவ்வொரு குலத்து 50 பேரும் வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு காலம் முறைவைத்து அன்றாட வேலையைப் பார்ப்பார்கள். அந்த 50 பேரில் ஒருவர் குலுக்கலில் அன்றைய தலைவர். ஒரு பகல், ஒரு இரவு. கருவூலமும் ஆவணங்களும் இருந்த கோயில்களின் சாவியும் அரசு முத்திரையும் அவர் கையில். மறுநாள் வேறொருவர். அதே பதவி அவருக்கு வாழ்நாளில் மறுபடி கிடையாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் முழுக்க நாட்டின் தலைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார்.

---

செவ்வந்தி எழுதியது:

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அந்த ஆட்டுக்காரர் அவைக்கு வந்துவிட்ட நாளில் ஆட்டை யார் மேய்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே?

ஏதென்ஸுக்குத் தெற்கே லாவ்ரியோன் என்று வெள்ளிச் சுரங்கப் பகுதி. குனிந்து தவழ்ந்துதான் போக முடியும் என்கிற அளவுக்குக் குறுகிய சுரங்க வழிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. எண்ணெய் விளக்கு, உளி, சுத்தியல், இருட்டு. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். நிக்கியாஸ் என்ற தளபதி, ஏதென்ஸின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், 1,000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்று செனபோன் என்ற பழைய ஏதென்ஸ் எழுத்தாளர் எழுதுகிறார். தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓபல், சின்ன வெள்ளிக்காசு. எடுத்தவர் சோசியாஸ் என்ற திரேசியர். ஆள் குறைந்தால் குறைந்த எண்ணிக்கையை அவரே நிரப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். "குறைந்தால்" என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வெள்ளியில் அடித்த ஆந்தை நாணயத்தில்தான் உங்கள் நடுவர்களுக்குப் படி கொடுத்தார்கள். எதிரி ஊரான ஸ்பார்ட்டாவின் படை வந்து ஏதென்ஸ் பக்கத்து டெசிலியாவில் உட்கார்ந்ததும் 20,000-க்கு மேல் அடிமைகள் ஓடிப்போனார்கள் என்று துசிடிடீஸ் என்ற வரலாற்றாசிரியர் சொல்கிறார். ஓடிய ஒவ்வொருவரும் அந்த மக்களாட்சி பற்றிப் போட்ட வாக்கு அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

கடலோடி எழுதியது:

செவ்வந்தி அக்கா சொல்வது உண்மை. அதே வெள்ளியில் இன்னொரு கதையும் இருக்கிறது.

கி.மு. 483 வாக்கில் லாவ்ரியோனில் பெரிய வெள்ளிப் படிவம் கிடைத்தது. ஆளுக்குப் பத்து டிராக்மா வெள்ளிக்காசு பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவர் எழுந்து, பங்கு வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்றார். பணத்தைப் பிரித்துக்கொள்ளாமல் கப்பலுக்குக் கொடுக்க ஒரு ஊர் சம்மதித்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். மூன்று வருஷத்தில், கி.மு. 480இல், சலாமிஸ் நீரிணையில் பெர்சியக் கடற்படை உடைந்தது.

ஒரு மூவடுக்குப் போர்க்கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள். நூறு கப்பல் என்றால் 17,000 பேர். கவசம் வாங்க வசதியில்லாத ஏழைக் குடிமக்கள்தான் அதில் பெருந்தொகை. கூடவே கூலிக்கு வந்த வெளியூர்க்காரர்கள், சில சமயம் அடிமைகள். துடுப்புப் போடுகிறவன் இல்லாமல் ஊர் இல்லை என்று ஆனபிறகு, குடிமக்கள் எல்லோரும் கூடும் சபையில் அவனுக்கு வாயில்லை என்று யார் சொல்வது? மக்களாட்சியை வெறுத்த ஒரு பழைய எழுத்தாளர், பேர் தெரியவில்லை, 'முதிய சிலராட்சியர்' என்று இப்போது அழைக்கிறார்கள். அவரே எரிச்சலோடு ஒத்துக்கொள்கிறார்: கப்பலை ஓட்டுவது ஏழைகள், ஊருக்குப் பலம் தருவதும் அவர்கள், ஆகவே அவர்களுக்கு அதிகாரம் இருப்பது நியாயம்தான் என்று.

1987இல் கிரேக்கக் கடற்படைக்காக அப்படி ஒரு கப்பலைத் திரும்பக் கட்டினார்கள், ஒலிம்பியாஸ் என்று பேர். 170 பேரும் ஒரே தாளத்தில் இழுக்கப் பழகுவதற்குள் துடுப்போடு துடுப்பு மோதிப் படாத பாடு பட்டார்கள். அந்தப் பயிற்சிதான் ஏதென்ஸ் ஏழைக்கு அரசியல் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தோன்றும்.

---

தேநீர்க்கடை பெஞ்ச் எழுதியது:

அண்ணே, நம்ம உத்திரமேரூர் குடவோலை இருக்கும்போது...

---

நிர்வாகி:

குடவோலை முறைக்குத் தனி இழை ஓடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததாகச் சான்று இல்லை. இங்கே ஏதென்ஸோடு இருப்போம்.

---

நிலவரசி எழுதியது:

இத்தனை நேரம் "குடிமக்கள், குடிமக்கள்" என்று போகிறது. பெண்கள் எங்கே? கி.மு. 451-450இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா, அம்மா இருவரும் ஏதென்ஸ் ஆட்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. அம்மாவின் குலம் கணக்கில் உண்டு, அம்மாவுக்கு வாக்கு இல்லை. நல்ல ஏற்பாடு!

ஆனால் ஒரு விதிவிலக்கு, ஏட்டுச்சுவடி ஐயாவின் வாதத்துக்கே பயன்படும். ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் நுழைவாயிலில் இருக்கும் அதீனா நைக்கி கோயிலுக்குப் பூசாரிணியை எல்லா ஏதென்ஸ் பெண்களிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று சபை தீர்மானம் போட்டது. கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதுவரை முக்கியமான பூசாரிப் பதவிகள் பழைய குடும்பங்களின் சொத்து. இது பொதுவில் வந்தது. சம்பளம் வருஷத்துக்கு 50 டிராக்மா, பொதுப் பலிகளில் கால்களும் தோல்களும் அவளுக்கு. மிர்ரினே என்ற பெண்ணின் கல்லறைக் கவிதை, அந்தக் கோயிலுக்கு முதலில் பணிசெய்தவள் அவள், எல்லோரிலிருந்தும் குலுக்கலில் வந்தவள் என்று பெருமையாகச் சொல்கிறது. வாக்கு இல்லாதவளுக்கும் குலுக்கல் கதவைத் திறந்திருக்கிறது, ஒரே ஒரு கதவை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கருவி, கல், கொட்டை எல்லாம் சரி. சபையில் 6,000 பேர் கூடி என்ன செய்தார்கள் என்பதையும் பேசுவோமா?

கி.மு. 406. அர்கினுசே தீவுகள் அருகே ஏதென்ஸ் பெரிய கடற்போரில் ஜெயித்தது. புயல் வந்ததால் உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று. ஜெயித்த எட்டுத் தளபதிகள் மீதும் வழக்கு. இரண்டு பேர் புத்திசாலிகள், ஊருக்கே திரும்பவில்லை. மீதி ஆறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பது முறை. கல்லிக்ஸெனோஸ் என்பவர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு என்று தீர்மானம் கொண்டுவந்தார். இது சட்டத்துக்கு விரோதம் என்று சிலர் எழுந்தால், "மக்கள் விரும்பியதைச் செய்ய விடமாட்டேன் என்பது அநியாயம்" என்று கூட்டம் கத்தியது. அன்றைய முறைக்காரர் 50 பேரில் எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர்: சாக்ரடீஸ். ஆறு பேருக்கும் மரணம். அதில் ஒருவர் பெரிக்ளீஸின் மகன். கொஞ்ச நாளில் ஊர் வருத்தப்பட்டு, தீர்மானம் கொண்டுவந்தவரையே பிடித்தது.

ஏழு வருஷம் கழித்து, கி.மு. 399இல், அந்தச் சாக்ரடீஸுக்கும் அதே ஊர் விஷக் கோப்பை கொடுத்தது. குலுக்கலில் வந்த நூற்றுக்கணக்கான நடுவர்கள்தான். முப்பது வாக்கு மாறியிருந்தால் தப்பியிருப்பேன் என்று அவர் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். உங்கள் குலுக்கல் கல்லால் அந்த முப்பது பேரைத் திருத்த முடிந்ததா?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

முடியவில்லை. அர்கினுசேயை நான் நியாயப்படுத்தப் போவதில்லை, அது அப்பட்டமான கொலை. ஆனால் அந்தக் கூட்டம் குலுக்கலில் வந்ததில்லை என்பதைப் பாருங்கள். சபைக்கு வர விரும்பியவர் வரலாம். குலுக்கல் அவையும் நடுவர் மன்றமும் வேறு, சபை வேறு.

அதோடு, ஏதென்ஸ்காரர்கள் அதன்பின் செய்ததைப் பார்க்க வேண்டும். கி.மு. 404-403இல் முப்பதின்மர் என்ற கொடுங்கோல் குழு ஊரை ஆட்டிப்படைத்துவிட்டு விழுந்தது. மக்களாட்சி திரும்பியதும் பழிவாங்கல் வேண்டாம், நடந்ததைக் கிளறக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டார்கள். சபை அன்றன்று போடும் தீர்மானம் ஒன்று, நிலையான சட்டம் வேறு, தீர்மானம் சட்டத்தை மீறக் கூடாது என்று பிரித்தார்கள். சட்டத்தை மாற்றுகிற வேலையைச் சபையிடமிருந்து எடுத்து, நடுவர் பட்டியலிலிருந்து வந்த தனிக்குழுவிடம் கொடுத்தார்கள். சட்டவிரோதமான தீர்மானம் கொண்டுவந்தவரை, அது நிறைவேறிய பிறகுகூட நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்ற பழைய வழக்குமுறையை இறுக்கிப் பிடித்தார்கள். மூன்று தடவை அப்படித் தண்டனை பெற்றால் அவர் இனிமேல் தீர்மானமே கொண்டுவர முடியாது. கூட்டம் கெட்டதைச் செய்யும் என்று அவர்களுக்கே தெரியும். ஆகவே கூட்டத்தின் கையிலிருந்து கொஞ்சம் பிடுங்கிச் சீட்டின் கையில் கொடுத்தார்கள். அடுத்து 80 வருஷம், கி.மு. 322 வரை, அது உள்ளிருந்து உடையவில்லை. மாசிடோனியாவின் ஆன்டிபாட்டர்தான் வெளியிலிருந்து வந்து உடைத்தார். 2,000 டிராக்மா சொத்து இல்லாதவனுக்கு அரசியல் உரிமை இல்லை என்று ஆக்கினார்.

நீங்கள் லஞ்சம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஏதென்ஸில் நடுவர்களை முதலில் விலைக்கு வாங்கியவர் என்று அரசமைப்பு நூல் ஒருவர் பேரைச் சொல்கிறது: அனிட்டஸ். சாக்ரடீஸ் மீது வழக்குப் போட்ட மூவரில் ஒருவர்! காலையில் குலுக்கி, கொட்டை எடுக்கவைத்து, நிறக்கோல் கொடுக்கிற அத்தனை வேலையும் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

---

கடலோடி எழுதியது:

கூட்டம் தன்னைத்தானே திருத்திக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயாவுக்காக.

கி.மு. 427. லெஸ்போஸ் தீவில் மைட்டிலீன் ஊர் கலகம் செய்து தோற்றது. ஆண்கள் அத்தனை பேரையும் கொல்ல, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக்க என்று கோபத்தில் சபை தீர்மானித்து, கப்பலும் அனுப்பிவிட்டது. விடிந்ததும் ஊருக்கு உறுத்தல். மறுபடி கூடினார்கள். கிளியோன் என்பவர், இரக்கம் பேரரசுக்கு ஆகாது என்றார். டியோடோட்டஸ், கொல்வது நமக்குப் பயன்படாது என்றார். இரக்கம் என்று அவர் வாயைத் திறக்கவே இல்லை, லாபநட்டம் பேசியே ஜெயித்தார். மிகச் சின்ன வித்தியாசத்தில் தீர்மானம் மாறியது.

உடனே இரண்டாவது கப்பல். முதல் கப்பல் கிட்டத்தட்ட ஒரு பகலும் இரவும் முன்னே போய்விட்டது. மைட்டிலீன் தூதர்கள் கப்பலுக்கு மதுவும் பார்லி மாவும் கொடுத்தார்கள். துடுப்பைக் கீழே வைக்காமல், மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் தின்றுகொண்டே இழுத்தார்கள். ஒரு பாதி தூங்க மறு பாதி இழுத்தது. முதல் கப்பல்காரர்களுக்குப் பிடிக்காத வேலை, மெதுவாகவே போனார்கள். அவர்களின் தளபதி ஆணையைப் படித்து முடித்து நிறைவேற்றப்போகிற நேரத்தில் இரண்டாவது கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. துசிடிடீஸ் சொல்வதை நான் சுருக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

---

செவ்வந்தி எழுதியது:

கடலோடி தம்பி, அந்த ஊர் தப்பியது உண்மை. அதே அத்தியாயத்தில் கலகத் தலைவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றதாக எழுதியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினோரு வருஷம் கழித்து மீலோஸ் தீவுக்கு இரண்டாவது கப்பல் போகவில்லை. ஆண்களைக் கொன்றார்கள், மற்றவர்களை விற்றார்கள்.

இன்னொரு ஆளைக் காட்டுகிறேன். கி.மு. 375-374இல் ஏதென்ஸ் போட்ட நாணயச் சட்டக் கல்வெட்டு 1970இல் அகோரா என்ற பழைய சந்தைத் திடலில் கிடைத்தது. சந்தையில் பணம் மாற்றுபவர்களின் மேசைகளுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து, சந்தேகமான வெள்ளி நாணயங்களைச் சோதிக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் குறுக்கே வெட்டிவிடுவார். அவர் நல்லது என்று சொன்ன நாணயத்தை வாங்க மறுத்தால் அன்றைக்கு விற்கக் கொண்டுவந்த சரக்கெல்லாம் பறிமுதல். அத்தனை குடிமக்களும், வெளிநாட்டு வணிகரும் அவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். அவர் யார் தெரியுமா? அரசு அடிமை. தன் இடத்தில் உட்காராமல் போனால் 50 சாட்டையடி என்று அதே சட்டம் சொல்கிறது.

ஊரிலேயே நிபுணத்துவம் தேவைப்பட்ட வேலை, வருஷா வருஷம் ஆள் மாறக் கூடாத வேலை, அதைக் குலுக்கலில் வந்த குடிமகனிடம் கொடுக்கவில்லை. ஓட முடியாத ஒருவனிடம் கொடுத்தார்கள். எழுத்தர்கள், ஆவணக் காப்பாளர்கள், சபையில் ஒழுங்கு காத்த சிதியன் வில்லாளிகள், பலரும் இப்படித்தான். உங்கள் குலுக்கல் ஓடியதற்கு அடியில் மாறாத இந்த ஆட்கள் இருந்தார்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

இதை மறுக்க ஒன்றும் இல்லை. குலுக்கல் அவைக்கு நிரந்தர அலுவலகம் வேண்டும், அதை அவர்கள் அடிமைகளை வைத்து அமைத்தார்கள். ஆனால் அலுவலகத்தை அடிமை இல்லாமலும் அமைக்கலாம், அதுதான் என் பதில்.

---

தேநீர்க்கடை பெஞ்ச் எழுதியது:

கொஞ்சம் சிரிக்கவும் ஏதாவது வேண்டாமா? ஓட்டாஞ்சில்லு வாக்கெடுப்பு பற்றி யாரும் பேசவில்லையே!

வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த வருஷம் யாரையாவது ஊரைவிட்டு அனுப்பலாமா என்று சபை கேட்கும். ஆம் என்றால் ஒரு நாள் குறிப்பார்கள். உடைந்த பானை ஓட்டில் பேரைக் கீறிக் கொண்டுவந்து போட வேண்டும். மொத்தம் 6,000 ஓடு விழ வேண்டும், அதிக ஓடு வாங்கியவர் பத்து வருஷம் வெளியே. குற்றச்சாட்டு கிடையாது, சொத்துப் பறிப்பு கிடையாது, பத்து வருஷம் கழித்து வந்து சேரலாம். "உன்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, கொஞ்ச நாள் தள்ளி இரு" என்பது மட்டும்தான். முதல் தடவை கி.மு. 487இல். கப்பல் கட்டச் சொன்ன தெமிஸ்டோக்ளிஸே பின்னால் இப்படிப் போனவர்தான்.

அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளிஸ் பேர். கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் மொத்தம் 14 பேர்தான்! யாரோ ராத்திரி உட்கார்ந்து எழுதி, வாக்குப் போட வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தயார் செய்த சரக்கு. மீந்தது கிணற்றுக்குப் போயிருக்கிறது. கட்சி ஆட்கள் எந்தக் காலத்திலும் கட்சி ஆட்கள்தான் அண்ணே.

சபைக்கு ஆள் சேர்க்கிற வேடிக்கையும் உண்டு. சந்தையில் அரட்டையடித்துக்கொண்டிருப்பவர்களைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துக்கொண்டு சபை கூடும் மலைக்கு ஓட்டுவார்களாம், அரிஸ்டோஃபனீஸ் நாடகத்தில் வருகிறது. துணியில் சிவப்புப் பட்டால் தாமதக்காரன் என்று தெரிந்துவிடும். பிறகு கி.மு. 403-க்கு அப்புறம் வருகைப்படி கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு ஓபல், பத்தாமல் போய் சீக்கிரமே மூன்று. கூட்டம் தானாக வந்தது.

---

நிலவரசி எழுதியது:

நீதிமன்ற நீர்க்கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகோராவில் கிடைத்த மண்பானை ஒன்று, அடியில் சின்ன வெண்கலக் குழாய். சுமார் ஆறரை லிட்டர் பிடிக்கும், காலியாக ஏறக்குறைய 6 நிமிடம். அதன்மேல் ஒரு குலத்தின் பேர் எழுதியிருக்கிறது. வாதி பேச எத்தனை பானை என்பது வழக்கைப் பொறுத்தது. சாட்சியம் படிக்கும் நேரத்துக்குக் குழாயை அடைத்துவிடுவார்கள். வக்கீல் கிடையாது, சொந்த வழக்கை நாமேதான் பேச வேண்டும். காசு இருந்தால் பேச்சை எழுதி வாங்கி மனப்பாடம் செய்யலாம், லிசியாஸ் போன்றவர்கள் அதைத் தொழிலாகவே செய்தார்கள். பானை முன்னால் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு தண்ணீர்.

ஒரு கேள்வி: இவ்வளவு விவரம் எப்படி நமக்குத் தெரிந்தது?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. அந்த ஏதென்ஸ் அரசமைப்பு நூல் தொலைந்துபோன ஒன்று. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கென்யன் அதை அடையாளம் கண்டு 1891இல் வெளியிட்டார். சுருள்களின் முன்பக்கத்தில் ரோமர் காலத்துப் பண்ணைக் கணக்கு. கணக்கு முடிந்த காகிதத்தின் பின்பக்கத்தை வீணாக்காமல் யாரோ நூலைப் படியெடுத்திருக்கிறார்கள். பார்லி வரவு செலவு ஒரு பக்கம், மக்களாட்சி மறுபக்கம். அதற்கப்புறம் 1930களில் அமெரிக்கர்கள் அகோராவைத் தோண்ட ஆரம்பித்து, குலுக்கல் கல்லின் துண்டுகள் வந்தபோதுதான் நூலில் இருந்த வர்ணனை கண்ணுக்குத் தெரியும் பொருளாயிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்க அரசமைப்பை எழுதியவர்களிடம் இந்த நூல் இல்லை. அவர்கள் படித்த ஏதென்ஸ், கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன ஏதென்ஸ்தான்: சாக்ரடீஸைக் கொன்ற கூட்டம். ஒவ்வொரு ஏதென்ஸ்காரனும் சாக்ரடீஸாக இருந்திருந்தாலும் அந்தச் சபை கும்பலாகத்தான் இருந்திருக்கும் என்று அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் எழுதினார். அவர்கள் மாதிரியாக வைத்துக்கொண்டது ரோமை. செனட் என்று பேர் வைத்ததைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் குரோட் என்ற வங்கிக்காரர் கிரேக்க வரலாறு எழுதித்தான் ஏதென்ஸ் மக்களாட்சிக்கு நல்ல பேர் வந்தது. அதற்குள் தேர்தல் என்றால் மக்களாட்சி என்று வழக்கம் உறைந்துவிட்டது. பேர் அங்கிருந்து, முறை வேறெங்கிருந்தோ.

இப்போது கொஞ்சம் திரும்பி வருகிறது. அயர்லாந்தில் 2016-18இல் குலுக்கல் முறையில் எடுத்த 99 குடிமக்களும் ஒரு தலைவரும் வார இறுதிகளில் உட்கார்ந்து கருக்கலைப்புச் சட்டத்தை அலசினார்கள். மருத்துவர், வழக்கறிஞர், இரு தரப்பு அமைப்புகள் எல்லோரையும் கேட்டார்கள். அரசியல்வாதிகள் பல பத்தாண்டுகள் தொடப் பயந்த விஷயம். அவர்கள் சட்டத்தை மாற்றலாம் என்று பரிந்துரைக்க, 2018 பொது வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் ஆதரவு.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அயர்லாந்தில் கேள்வியை எடுத்துக் கொடுத்தது நாடாளுமன்றம், கடைசி முடிவு பொது வாக்கெடுப்பு. குலுக்கல்காரர்கள் ஆலோசனைதான் சொன்னார்கள். ஆலோசனைக்குக் குலுக்கல் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கருவூலச் சாவியைக் கொடுப்பதற்குத்தான் கை நடுங்குகிறது.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஒரு நாளைக்குத்தானே ஐயா கொடுத்தார்கள்!

---

கடலோடி எழுதியது:

எல்லோரும் ஏதென்ஸ் பற்றியே பேசிவிட்டோம். கிரேக்கர் என்றால் நூற்றுக்கணக்கான நகர அரசுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. ஸ்பார்ட்டாவில் மூத்தோர் அவைக்கு ஆள் எடுப்பது எப்படி தெரியுமா? 60 வயது தாண்டியவர்கள் ஒவ்வொருவராகச் சபை முன்னால் நடந்து போவார்கள். பக்கத்தில் ஒரு மூடிய அறைக்குள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். யார் போகிறார் என்று அவர்களுக்குத் தெரியாது, கூட்டம் போடும் சத்தம் மட்டும் கேட்கும். எத்தனையாவது ஆளுக்குச் சத்தம் அதிகம் என்று குறித்துக் கொடுப்பார்கள். அவர்தான் தேர்வு, சாகும்வரை பதவி. சிறுபிள்ளைத்தனம் என்று அரிஸ்டாட்டில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

---

தேநீர்க்கடை பெஞ்ச் எழுதியது:

அப்படியென்றால் சட்டமன்றத்தில் "குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது" என்று செய்தி வருகிறதே, அது ஏதென்ஸ் இல்லை, ஸ்பார்ட்டா! அதிலும் ஸ்பார்ட்டாக்காரன் சத்தத்தை அளக்கிறவனை அறைக்குள் வைத்துப் பூட்டினான். நம்ம ஊரில் அவர் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.